சருகும் களையும்: ஹைதராபாத் வீட்டுப் புல்தரைகள்

ஹைதராபாத்தில் வீட்டுமுன் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை கவலை வரும். மே மாதத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் புல் திட்டுத் திட்டாகப் பழுத்துப்போகிறது. கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிறது. ஜூலையில் நாலு மழை விழுந்ததும் கோரை, பார்த்தீனியம், அம்மான் பச்சரிசி எல்லாம் புல்லை முந்திக்கொண்டு எழுகின்றன. முதல் குறைக்கு நர்சரியில் யூரியா போடச் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு உரக்கடையில் களைக்கொல்லிப் புட்டி ஒன்று கிடைக்கிறது. இப்படி இரண்டையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்து வெவ்வேறு மருந்து தேடுவதுதான் இந்த நகரத்துப் புல்தரைகளுக்கு நேர்ந்த பெரிய கேடு என்பது என் கருத்து. அடியில் சருகு சேர்வதும் மேலே களை பரவுவதும் ஒரே வளர்ப்பு முறையின் விளைவுகள். தினமும் மேலாகத் தெளிக்கும் தண்ணீர், அளவில்லாத யூரியா, மண்புழு செத்துப்போன மண், வெயில் விழாத இடத்தில் வெயில் விரும்பும் புல் ஆகிய நான்கும் சேர்ந்துதான் இரண்டையும் உண்டாக்குகின்றன.

வெட்டிச் சீராக்கிய புல்தரை இந்த ஊருக்குப் பிற்காலத்தில் வந்தது. குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டங்கள் பாரசீக மரபில் அமைந்தவை. நீர்வாய்க்காலும் பழமரமும் நிழலும்தான் அவற்றின் உயிர். கோட்டியில் பிரிட்டிஷ் ரெசிடென்சி எழுந்தபோதும், 1806-இல் செகந்திராபாத் படைத்தளம் உருவானபோதும், இங்கிலாந்துத் தோட்ட ரசனையும் கூடவே வந்தது. 1830-இல் எட்வின் படிங் இங்கிலாந்தில் புல்வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு உலகமெங்கும் புல்தரை நடுத்தர வீடுகளுக்கு இறங்கியது. இன்று கச்சிபௌலியிலும் கொம்பள்ளியிலும் வளரும் குடியிருப்புகளில் அதுவே வழக்கமான முன்முற்றம். கல்யாணங்கள் நடக்கும் ‘கார்டன்’களுக்கும் அதுதான் மூலதனம்.

லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ. ஹைதராபாத்தில் சுமார் 800 மி.மீ. கணக்குப்படி நமக்குத்தான் அதிகம். ஆனால் லண்டன் மழை பன்னிரண்டு மாதமும் பரவிப் பெய்கிறது. இங்கே முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். நம்மவர் பலர் மனத்தில் புல்தரை என்றால் ஊட்டி தாவரவியல் பூங்காவின் சரிவுதான். அது 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக் குளிரில் இருக்கிறது. ஹைதராபாத் 540 மீட்டரில், கருங்கல் பாறை மேல் கிடக்கும் மெல்லிய செம்மண்ணில். குளிர்நாட்டுப் புல்தரைக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் மாதமும் தவறும், அளவும் தவறும்.

சருகு மெத்தை எப்படி உண்டாகிறது

பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே, உயிருள்ளதும் செத்ததுமான தண்டு, ஓடுகொடி, வேர் எல்லாம் பின்னிப் பிணைந்து பழுப்பு நிறத்தில் ஒரு படலம் சேரும். அயல்நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் ‘தாட்ச்’ என்று குறிப்பிடுவது இதைத்தான். வெட்டிய புல்நுனிகளை அள்ளாமல் விட்டதால் இது சேர்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஆகவே ஒரு துணுக்கு விடாமல் கூட்டி அள்ளிக் குப்பையில் சேர்க்கிறார்கள். உண்மை வேறு. இளம் புல்நுனியில் பெரும்பகுதி நீர். அது சில வாரங்களில் மட்கி, தன்னிடமுள்ள தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகிறது. மட்காமல் நிற்பவை லிக்னின் மிகுந்த தண்டுகளும் ஓடுகொடிகளும் வேர்களும். எனவே புல் எந்த அளவு வேகமாகக் கொடி ஓடுகிறதோ, மண்ணின் உயிர்கள் எந்த அளவு மெதுவாக அதைத் தின்கின்றனவோ, அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியே சருகின் கனம்.

இங்கே நடப்படும் புல் வகைகள் அந்த இடைவெளியைப் பெருக்குபவை. அருகம்புல்லின் தேர்வு வகையான ‘செலக்ஷன்-1’ வேகமாகக் கொடி ஓடும். நர்சரிகளில் ‘மெக்சிகன்’, ‘கொரியன்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் சோய்சியா இனங்கள். அவை மெல்ல வளர்ந்தாலும் தண்டும் இலையும் நார் மிகுந்தவை, மட்க நாளாகும். தோட்டக்காரர்கள் மெக்சிகன் புல்லைப் பராமரிப்பு குறைவானது என்று பரிந்துரைக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு அது சரி. மூன்றாம் நான்காம் ஆண்டில், அடிக்கடி வெட்டாமல் விட்ட சோய்சியா முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, உள்ளே முழுதும் பழுப்பாகி நிற்கும். அந்தக் கட்டத்தில் எந்திரம் ஓட்டினால் மேல்பச்சை போய்ச் செத்த தண்டு மட்டும் தெரியும்.

மண்ணின் உயிர்கள் பக்கத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் இன்றுவரை நடந்துவரும் ‘பார்க் கிராஸ்’ புல்வெளிச் சோதனை உலகின் மிக நீண்ட வயல் ஆய்வுகளில் ஒன்று. அதில் ஆண்டுதோறும் அமோனியம் சல்பேட் போட்ட பாத்திகளில் மண் புளித்து, மண்புழுக்கள் அற்றுப்போய், மட்காத சருகு தடித்த பாயாகப் படிந்திருக்கிறது. அள்ளிப்போட்ட உரமே மட்கும் வேலையை நிறுத்திவிட்டது. 1990-இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் டேனியல் பாட்டரும் சகாக்களும் சருகுத் துண்டுகளை வலைப்பைகளில் இட்டு மண்ணில் வைத்துப் பார்த்தார்கள். மண்புழு நுழையக்கூடிய பெரிய கண்ணுள்ள பைகளில் சருகு சிதைந்து மண்ணோடு கலந்தது. நுண்ணிய கண்ணுள்ள பைகளில் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

இதிலிருந்து ஹைதராபாத் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கடுமையானது. புல்லில் கரையான் தெரிந்ததும் குளோர்பைரிபாஸை வாளியில் கரைத்து ஊற்றுகிறோம். பூஞ்சைத் திட்டு தெரிந்ததும் பாவிஸ்டின் என்று விற்கும் கார்பென்டசிம். இரண்டாவது, மண்புழுக்களுக்கு ஆகவே ஆகாதது என்று நெடுநாளாகத் தெரிந்த மருந்து. கரையான் பெரும்பாலும் உலர்ந்த சருகைத்தான் தின்கிறது. அதன் வேலையை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு சருகு சேர்ந்துவிட்டதே என்று எந்திரம் தேடுகிறோம். வீட்டுச் சுவரைக் காக்க அடித்தளத்தில் மருந்திடுவது வேறு விஷயம். புல்தரை முழுவதும் ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தண்ணீர் அடுத்த காரணம். தினமும் மாலையில் குழாயைப் பிடித்துப் பத்து நிமிடம் நனைப்பதால் ஈரம் சருகிலேயே தங்கி, வேரும் அங்கேயே சுற்றுகிறது. சருகு ஒரு முறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. பக்கவாட்டில் வழிந்தோட விடும். மே மாதத்தில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் புல் கருகுவதற்குக் காரணம் அதன் வேர் மண்ணில் இறங்கவே இல்லை என்பதுதான். அருகம்புல்லின் இயல்போ ஆழம் தேடுவது. அருகுபோல் வேரோட வேண்டும் என்று மணமக்களை நாம் வாழ்த்துவதும், இங்கே பிள்ளையார் சதுர்த்திப் பத்திரிகளில் கரிக என்ற பெயரில் அது முக்கிய இடம் பெறுவதும் அந்த இயல்பைக் கண்டுதான். வீட்டு வாசலில் அதை மேலாக வேர்விடும் செடியாக்கியது நம் குழாய்.

சுரண்டுதல்: எப்போது, எவ்வளவு

சருகு முழுவதும் தீங்கு என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் வரை இருந்தால் அது ஈரத்தைக் காக்கும், வெயிலைத் தடுக்கும், காலடி அழுத்தத்தைத் தாங்கும். ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் கைவைக்க வேண்டும். அமெரிக்க நூல்கள் சொல்லும் அரை அங்குலம் ஏறத்தாழ இதே அளவு. கத்தியால் மூன்று நான்கு இடங்களில் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து அளந்தால் தெரிந்துவிடும். அளக்காமல் சுரண்டுவது வீண் வேலை.

எந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிமிர்ந்த கத்திகள் சுழன்று சருகைக் கீறி எடுக்கும் கருவி கோல்ஃப் மைதானங்களில் உண்டு. வீட்டுக்கு அது தேவையில்லை. இந்தியத் தோட்டக்கலைப் பாடநூல்கள் பல தலைமுறைகளாக ஒரு முறையைச் சொல்லிவருகின்றன. கோடையில் புல்லை மண்மட்டம் வரை களைக்கொத்தியால் சுரண்டி, குறுக்கும் நெடுக்குமாக வாரியால் கீறி, சில நாள் காயவிட்டு, மண்ணும் மட்கிய இலையுரமும் மணலும் கலந்த கலவையைப் பரப்பித் தண்ணீர் பாய்ச்சுவது அது. நம் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இந்த வேலைதான் சருகு நீக்கம். எந்திரத்தை இறக்குமதி செய்வதைவிட இதை மீட்பது மேல்.

பாடநூல்கள் ஏப்ரல்-மே என்கின்றன. ஹைதராபாத்தில் இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஏப்ரலில் சுரண்டினால் புல்லை மீட்கத் தண்ணீர் வேண்டும். அந்த மாதத்தில்தான் தண்ணீர் லாரிகளுக்கு நகரமே காத்திருக்கிறது. ஜூன் மழையோடு சுரண்டினால் தண்ணீர்க் கவலை இல்லை; ஆனால் திறந்த மண்ணில் வெளிச்சம் பட்டதும், அந்த மழைக்காகவே காத்திருந்த களைவிதைகள் முளைத்து, புல் மூடுவதற்குள் இடத்தைப் பிடித்துவிடும். சருகு நீக்கமும் களையெடுப்பும் ஒன்றோடொன்று மோதும் இடம் இதுதான். நான் பார்த்த வரையில் மே மூன்றாம் வாரம் பொருத்தமானது. கோடை இடிமழை ஓரிரண்டு அதற்குள் விழுந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தையொட்டி வருகிறது. இடைப்பட்ட மூன்று வாரத்தில் அந்த வெப்பத்தில் அருகு நிலத்தை மூடிவிடும். சமையலறையில் காய்கறி கழுவிய தண்ணீரும் குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தின் கழிவுநீரும் வேலியோரத்துச் சிறு தரைக்குப் பெரிதும் உதவும். பின்னதில் உப்பு கூடுதலாக இருப்பதால் நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுவது நல்லது.

எந்தப் புல் என்பதை அறியாமல் சுரண்டக் கூடாது. அருகுக்கு மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு உண்டு. மேலே முழுதும் வழித்தாலும் மீண்டு வரும். சோய்சியாவுக்கும் உண்டு, ஆனால் மீள்வதில் மந்தம். அதை ஒரே ஆண்டில் முழுதும் வழிக்காமல், இரண்டு ஆண்டில் பாதி பாதியாகச் செய்வது நலம். எருமைப்புல், அகலமான இலையுள்ள கார்ப்பெட் புல் போன்றவை மண்மேல் ஓடும் கொடிகளை மட்டுமே நம்பி வாழ்பவை. அவற்றை வழித்தால் புல்தரையையே வழித்ததாகும். வாரியால் மெல்லக் கோதிவிடலாம், அவ்வளவுதான்.

சுரண்டிய பின் பரப்பும் கலவை மிக முக்கியம். ஐந்து மி.மீ. கனத்தில் பரப்ப, 100 சதுர மீட்டருக்கு அரை கனமீட்டர் வேண்டும். அதில் உள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய சருகை மட்கவைக்கும். இதைச் செய்யாமல் சுரண்டல் மட்டும் செய்தால் இரண்டே ஆண்டில் பழைய நிலை. யூரியாவைப் பொறுத்தவரை, 46 விழுக்காடு தழைச்சத்துள்ள அதை 100 சதுர மீட்டருக்கு ஒரு தடவையில் ஒரு கிலோவுக்கு மேல் போடவே கூடாது. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு முறை போட்டால் போதும், கோடையில் வேண்டாம்.

களைகள்

ஹைதராபாத் வீட்டுப் புல்தரையில் உட்கார்ந்து ஒரு சதுர மீட்டரைப் பார்த்தால் ஒரு மருந்துக்கடையே தெரியும்: புளியாரை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு, பொடுதலை, சிறுபுள்ளடி, நெருஞ்சி. இவை ஒவ்வொன்றும் மண்ணைப் பற்றி ஒரு செய்தி சொல்கின்றன. ஈரம் தேங்கும் மூலையில் பொடுதலையும் கரிசலாங்கண்ணியும் வரும். காலடி பட்டு இறுகிய பாதையோரத்தில் காட்டுக் கேழ்வரகு என்ற புல்லினம் வரும். அதன் வேர் மற்றவை நுழையாத இறுகிய மண்ணிலும் நுழையும். தழைச்சத்து குறைந்த இடத்தில் சிறுபுள்ளடி படரும். அவரை இனமான அது காற்றிலிருந்து தானே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. களையைப் பிடுங்கும்முன் அது ஏன் அங்கே வந்தது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

இவற்றுள் கோரை தனிப் பேச்சுக்கு உரியது. தெலுங்கில் துங்க. 1977-இல் வெளிவந்த ஹோம் முதலியோரின் உலகக் களைகள் பற்றிய நூலில் மிக மோசமான களையாக முதலிடம் பெற்றது இதுவே. மூன்று பட்டையான தண்டை விரலில் உருட்டிப் பார்த்தால் புல்லிலிருந்து பிரித்தறியலாம். மண்ணுக்கடியில் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். நுனியிலுள்ள கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டியால் கொத்திச் சங்கிலியை அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். ஆகவே கோரை உள்ள புல்தரையை ஆத்திரத்தில் கொத்திப் போடுவது அதை நடவு செய்வதற்குச் சமம்.

கோரை நம் வீட்டுக்கு நடந்து வருவதில்லை. விலை கொடுத்து வாங்கி வருகிறோம். புதுவீட்டுக் கட்டட வேலை முடிந்ததும் லாரியில் வரும் செம்மண்ணில், அரைகுறையாக மட்கிய எருவில், புல் சதுரங்களின் அடிமண்ணில் அந்தக் கிழங்குகள் வருகின்றன. மண்ணைக் கொட்டி, இரண்டு வாரம் நனைத்து வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகே புல் நடுவது நல்லது. இந்தப் பொறுமையை ஒப்பந்தக்காரர் யாரும் காட்டமாட்டார். வீட்டுக்காரர்தான் வற்புறுத்த வேண்டும்.

வந்துவிட்ட கோரைக்கு இரண்டு வழிகள் உண்டு. சிறு திட்டாக இருந்தால், மே மாதத்தில் அந்த இடத்தை ஒரு முழம் ஆழம் தோண்டி, மண்ணைச் சலித்து, கிழங்குகளை வெயிலில் காயவைத்து அழித்துவிடலாம். பரவிவிட்டிருந்தால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தளிர்களைத் தவறாமல் பிடுங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முளைக்கக் கிழங்கு தன் மாவுச்சத்தைச் செலவிடுகிறது. இலை விரிந்து அதைத் திருப்பிச் சேமிக்குமுன் பிடுங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் நன்கு மெலியும். கோரைக்கு நிழல் ஆகாது. அடர்ந்த, சற்று உயரமான புல்லே அதற்கு நிலையான பகை. புல்லை ஒட்ட வழித்துச் சிரைக்கும் வீடுகளில் கோரை செழிப்பதற்கு இதுவே காரணம். அருகை மூன்று நான்கு செ.மீ. உயரத்தில் வைத்து, ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டுவது களையெடுப்பின் பாதி. இலையில் பாதிக்கு மேல் ஒரே வீச்சில் எடுத்தால் வேர் வளர்ச்சியே சில நாள் நின்றுவிடும் என்று அமெரிக்க வேளாண் துறையின் எஃப்.ஜே. கிரைடர் 1955-லேயே காட்டியிருக்கிறார்.

பார்த்தீனியத்தைத் தெலங்கானாவில் வய்யாரிபாமா என்பார்கள். 1950-களில் புனேயில் கண்டறியப்பட்ட இந்த அமெரிக்கச் செடி, இன்று காலிமனை இருக்கும் தெருவிலெல்லாம் நிற்கிறது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். புல்தரையில் எந்திரம் ஓட்டினால் அது சாகாது. மண்ணோடு ஒட்டிப் படர்ந்து, தாழ்ந்தே பூக்கும். தோலில் பட்டால் பலருக்குக் கடும் அரிப்பு; ஆகவே கையுறையின்றித் தொடக்கூடாது. மெக்சிகோவிலிருந்து கொணர்ந்து 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட சைகோகிராமா வண்டு மழைக்காலத்தில் அதன் இலைகளைத் தின்கிறது. அந்த வண்டைப் பூச்சி என்று எண்ணி மருந்தடித்துக் கொன்றுவிடக் கூடாது. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. உங்கள் புல்தரையை எத்தனை சுத்தமாக வைத்தாலும், பக்கத்துக் காலிமனை பூத்து நின்றால் பயனில்லை. தெருவே சேர்ந்து பூக்குமுன் பிடுங்கினால்தான் பலன்.

களை என்று தள்ளும் எல்லாமே தள்ளத்தக்கவையும் இல்லை. தெலங்கானாவின் பதுகம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்களில் முக்கியமான ஒன்று குனுகு; நம் பண்ணைக்கீரைச் செடியின் பூக்கதிர். வயலில் அது களைதான். ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில் இயங்கும் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கப் பெண்கள், விதைக்காமல் வயலில் முளைக்கும் கீரைகள் பலவற்றை உணவாகவே காத்துவருகிறார்கள். அந்த அமைப்புக்கு 2019-இல் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது. வேலியோரத்தில் ஒரு முழ அகலம் வெட்டாமல் விட்டால் குனுகுக்கும் பொன்னாங்கண்ணிக்கும் இடம் கிடைக்கும். மருந்தடித்த தரையில் மட்டும் ஒருபோதும் கீரை பறிக்க வேண்டாம்.

மருந்துப் புட்டி

களைக்கொல்லி பற்றிய விவாதத்தில் இரு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. அடித்ததும் எல்லாம் தீரும் என்பதும் பொய். ஒரு துளியே ஊரை அழிக்கும் என்பதும் மிகை. ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பார்ப்பதே சரி. கிளைபோசேட் களையையும் புல்லையும் சேர்த்தே கொல்லும். புல்தரைக்கு அது உதவாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. எப்படியிருந்தாலும் 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணைப்படி, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் அன்றி வேறு எவரும் அதைத் தெளிக்கக் கூடாது. பாரகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றி ஒரே சொல்: அதன் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. விழுங்கியவர்களில் மிகப் பலர் மீள்வதில்லை. இலங்கை 2008 முதல் படிப்படியாக அதை விலக்கியது உயிர்களைக் காக்கத்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் புட்டி இருக்கவே கூடாது.

2,4-டி அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும். அருகும் சோய்சியாவும் தாங்கும், எருமைப்புல் தாங்காது. ஆனால் அதன் சாரல் காற்றில் பரவினால் தக்காளி, திராட்சை, பருத்தி இலைகள் சுருண்டுவிடும். மித்தெத் தோட்டம் என்று இங்கே சொல்லும் மாடித்தோட்டம் ஹைதராபாத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. கீழ்வீட்டார் புல்லுக்கு அடித்த மருந்தில் மேல்வீட்டார் தக்காளி கெட்டால் யாரைக் கேட்பது? கோரைக்கு ஹாலோசல்பியூரான் உண்மையிலேயே வேலை செய்கிறது. இங்கே கரும்புத் தோட்டக் கோரைக்கென்று விற்பனையில் உள்ளது, அமெரிக்கப் புல்தரைகளிலும் பழகிய மருந்து. கை ஓய்ந்துபோகும் அளவுக்குக் கோரை பரவிய பெரிய தரைக்கு, தொழில் தெரிந்தவரைக் கொண்டு ஒரு பருவம் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் ஏற்கிறேன். பிற வீடுகளுக்கு வேண்டாம். உப்பும் வினிகரும் கலந்து ஊற்றும் வீட்டு வைத்தியம் பாதுகாப்பானது என்று பரவுகிறது. வினிகர் இலையை மட்டும் கருக்கும், கிழங்கைத் தொடாது. உப்போ மண்ணில் தங்கி, ஏற்கெனவே உவர்ப்பான ஆழ்துளைத் தண்ணீர் பாயும் தரையைப் பாழாக்கும். நடைபாதைக் கல்லிடுக்குக்குக் கொதிநீர் போதும்.

புதிதாகப் புல் நடுபவர்களுக்கு மருந்தில்லாத நல்ல வழி ஒன்று இந்த நகரத்தின் விளிம்பிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. ஈரமண்ணின் மேல் ஒளிபுகும் பாலிதீன் விரிப்பைக் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்து மண்ணை வெந்துபோக வைப்பது அது. 1970-களில் இஸ்ரேலில் ஜேக்கப் கட்டான் வகுத்த இந்த முறையைப் படான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் துவரை, கொண்டைக்கடலை வாடல்நோய்க்கு எதிராக ஆராய்ந்தது. மேல்மண்ணிலுள்ள பெரும்பாலான களைவிதைகளும் இதில் சாகும். கோரைக்கிழங்கு மட்டும் தப்பும். விரிப்பையே குத்திக்கொண்டு எழும். ஆகவே முதலில் சலிப்பு, பிறகு விரிப்பு.

களையெடுக்க வரும் பெண்களைப் பற்றி இந்தத் துறையில் யாரும் எழுதுவதில்லை. நகரத்துப் புல்தரைகள் பச்சையாக இருப்பது, கிராமங்களிலிருந்து வந்து குத்தவைத்து அமர்ந்து குர்ப்பி என்ற களைக்கொத்தியால் ஒவ்வொரு செடியாகக் கெல்லும் அவர்களால்தான். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வேரோடு வரும். பதினொரு மணி வெயிலில் செய்யச் சொன்னால் தலை மட்டும் அறுந்து வரும், அவர்களும் வாடுவார்கள். ஜூலையில் இரண்டு முறை, ஆகஸ்டில் இரண்டு முறை, விதை விழுமுன் எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டின் களை தானாகக் குறையும். ஒரு மருந்துப் புட்டியின் விலையை அவர்கள் கூலியில் சேர்ப்பது எல்லா வகையிலும் நல்ல செலவு.

தண்ணீர்க் கணக்கு

கடைசியில் எல்லாம் தண்ணீரில் வந்து நிற்கிறது. நூறு சதுர மீட்டர் புல்லுக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மி.மீ. தண்ணீர் என்றால் 500 லிட்டர். மாதம் 15,000 லிட்டர். 2021 ஜனவரி முதல் ஹைதராபாத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் இலவசமாகக் கிடைப்பது 20,000 லிட்டர். அதில் முக்கால் பங்கைப் புல் குடிக்கிறது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. இங்கேயும் அந்த நாள் வரும்.

எனவே என் பரிந்துரை எளியது. நீங்கள் ஒருவரே ஒரு காலையில் உட்கார்ந்து களையெடுக்க முடிகிற அளவுக்கு மட்டும் புல்தரை வையுங்கள். ஆறு மணி நேர வெயில் படாத இடத்தில் புல்லை விட்டுவிட்டு நிழல்செடி வையுங்கள். வேப்பமர நிழலிலும் அடுக்குமாடி நிழலிலும் அருகு மெலிந்து களைக்குத்தான் இடம்விடும். ஏற்கெனவே சோய்சியா உள்ளவர்கள் அதை அழிக்க வேண்டாம். புதிதாக நடுபவர்கள் அருகையே நடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, இடையில் காயவிடுங்கள். மழைக்காலம் முடிந்தபின் புல் பழுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வறட்சியில் அருகு உறங்கி, மழையில் எழும் இயல்புடையது.

ராஜேந்திரநகரிலுள்ள பேராசிரியர் ஜெயசங்கர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அங்கே பயிர்க்களைகள் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்துவருகின்றன. அதே அறிவைக் கொண்டு, ஹைதராபாத் மண்ணுக்கும் மழைக்கும் பொருந்தும் புல்தரை நாட்காட்டி ஒன்றைத் தெலுங்கிலும் உருதுவிலும் எளிய கையேடாக வெளியிட்டால், குடியிருப்புச் சங்கங்களும் தோட்டக்காரர்களும் மருந்துக் கடைக்காரரை நம்பியிருக்க வேண்டி வராது.

அதுவரை, வரும் மே மாதம் எதையும் வாங்கும்முன் கத்தியால் ஒரு துண்டு வெட்டிச் சருகை அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் சுரண்ட வேண்டாம். தண்ணீரையும் யூரியாவையும் குறைத்தாலே போதும்.